கொழும்பில் லோரா மெஷ்: அன்டெனாவுக்கு முன் கூரையைத் தேடுங்கள்

கொழும்பில் லோரா மெஷ், அதாவது சின்ன ரேடியோக்கள் செய்தியைக் கைமாற்றும் வலை, கட்டப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை டிபிஐ (அன்டெனா சக்தியைக் குவிக்கும் அளவு) அன்டெனா வாங்குவது என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கு வேறொரு விவரம் வேண்டும்: உங்களுக்கு எந்தக் கூரை கிடைக்கும்? பத்தாம் மாடிக்கு மேல் நான்கு பக்கமும் திறந்து நிற்கும் 3 டிபிஐ அன்டெனா, கீழ்வீட்டு ஹோலுக்குள் வைத்த 8 டிபிஐ அன்டெனாவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். உயரம் சும்மா தருகிற டெசிபலை (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

புதிதாக வருகிறவர்களுக்கு: லோரா நோட் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரேடியோப் பலகை. சிம் இல்லை, இணையம் இல்லை. புளூடூத்தில் கைப்பேசியோடு இணைத்துச் செய்தி எழுதினால், அதை மற்ற நோட்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகும். மெஷ்டாஸ்டிக் என்ற திறந்தமூல மென்பொருள்தான் பெரும்பாலும் பாவனையில் இருக்கிறது. இங்கே சொல்வதும் அதை வைத்துத்தான். குரல் போகாது, படம் போகாது. எழுத்தும் இருப்பிடமும் சில அளவீடுகளும் போகும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் வெள்ளத்தில் நின்றதும், 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போனதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படியான நேரத்தில் கைப்பேசிக் கோபுரத்தின் பற்றரி எவ்வளவு தாங்கும் என்பது நம் கையில் இல்லை. "நாங்கள் பத்திரம், மாத்திரை மட்டும் வேண்டும்" என்று அடுத்த வட்டாரத்துக்குச் சொல்ல ஒரு வழியாவது நம் கையில் இருக்க வேண்டும்.

அலைவரிசை

பலகைக்குக் காசு கொடுக்கும் முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவைக் கேளுங்கள். குறைந்த சக்திக் கருவிகளுக்கு எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ரேடியோக் கருவியை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போதும் ஆணைக்குழுவின் அனுமதி தேவைப்படும். இதைப் பின்னால் பார்க்கலாம் என்று விடக்கூடாததற்கு ஒரு காரணம் உண்டு. பலகைகள் 433 மெகாஹேர்ட்ஸுக்கு ஒன்றாகவும் 868 முதல் 923 வரைக்கு இன்னொன்றாகவும் தனித்தனியே செய்யப்படுகின்றன. 433 பலகையை மென்பொருளில் 923 ஆக மாற்றினால் திரையில் எண் மாறும். பலகையில் ஒட்டியிருக்கும் வடிகட்டிச் சுற்று மாறாது. சக்தி வெளியே போகாமல் உள்ளேயே சூடாகும். மென்பொருளில் பிராந்தியம் தேரும்போதும் நாட்டின் பெயரைப் பார்த்துத் தேராமல், அந்தத் தெரிவு எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தியோடு இயங்குகிறது என்பதைப் பார்த்துத் தேருங்கள்.

சக்தி வரம்பு அன்டெனாவையும் சேர்த்தது என்றால் கூட்டிக் கழிக்க வேண்டும். எஸ்எக்ஸ்1262 என்ற ரேடியோச் சில்லு 22 டிபிஎம் (அனுப்பும் சக்தியின் அளவு) வரை தரும். அதோடு 5 டிபிஐ அன்டெனா சேர்ந்தால் 27 டிபிஎம், அதாவது அரை வாட். வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் மென்பொருளில் சக்தியைக் குறையுங்கள். அப்போதும் நல்ல அன்டெனா வீண் போகாது. கேட்கும் திறனில் அந்த 5 டெசிபல் முழுதாக மிஞ்சும். 4எஸ்7 அழைப்புக்குறி வைத்திருக்கும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் தங்கள் உரிமத்தின் கீழ் இயக்குவதானால், மறையாக்கத்தை நிறுத்திவிட்டு அழைப்புக்குறியையே நோட்டின் பெயராக வைக்க வேண்டும்.

கீழே வரும் கணக்குகள் பெரும்பாலும் 923 ஐ வைத்தவை. 433 காரர்களுக்கு நீளங்கள் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே போகும்.

எவ்வளவு உயரம் காணும்?

கொழும்பில் மலை தடுப்பதில்லை, கட்டடம்தான் தடுக்கிறது. திறந்த வெளியில் 5 கிலோமீற்றர் போக 923 இல் சுமார் 106 டெசிபல் இழப்பாகும். மெஷ்டாஸ்டிக்கின் இயல்பு அமைப்பான லோங் ஃபாஸ்ட், 150 டெசிபலுக்கு மேல் இழப்பைத் தாங்கும். ஆக 45 டெசிபல் போல மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தைத்தான் கொங்கிறீட் சுவரும் தகரக் கூரையும் ஜன்னல் கிறிலும் மாமரமும் பலாமரமும் சேர்ந்து தின்கின்றன. கம்பி வைத்த கொங்கிறீட் சுவர் ஒன்றே 10 டெசிபலுக்கு மேல் எடுக்கும். தெருவில் கையில் பிடித்த இரண்டு நோட்கள் சில நூறு மீற்றருக்குள் ஒன்றையொன்று தவறவிடுவது இதனால்தான்.

எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் காணும் என்பதும் முழு உண்மையில்லை. ரேடியோ அலைக்கு இரு முனைகளுக்கும் நடுவில் புடைத்த ஒரு வெளி வேண்டும்; பிரெனல் வலயம் என்பது அதைத்தான். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 8 கிலோமீற்றர். 923 இல் நடுவழியில் இந்த வலயத்தின் ஆரை 25 மீற்றர் போல வரும். அதில் 60 வீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். அதாவது கோட்டுக்குக் கீழே 15 மீற்றர் வெறுமை. நடுவில் நிற்கும் எட்டு மாடிக் கட்டடம் 25 மீற்றர் என்று வைத்தால், கோடு 40 மீற்றர் உயரத்தில் போக வேண்டும். இரண்டு முனையும் பதின்மூன்று மாடிக்கு நிற்க வேண்டும் என்று அர்த்தம். 433 இல் வலயம் இன்னும் தடிப்பு. ஆரை 37 மீற்றர் வரும். கொம்பனித்தெருப் பக்கம் எழுந்திருக்கும் உயரக் கட்டடங்கள் இந்தக் கோட்டை ஒட்டியே நிற்பதையும் சேர்த்துப் பார்த்தால், வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் ஒரே தாவலில் (நடுவில் வேறு நோட் இல்லாமல்) இணைக்க மினக்கெடுவதைவிட, நாரஹேன்பிட்டியிலோ பொரளையிலோ நடுவே ஒரு உயரக் கூரையைப் பிடிப்பதுதான் புத்தி.

கடற்கரைப் பக்கத் தொடர்மாடிகளில் பல்கனி மட்டும்தான் கிடைக்கும் என்றால், அதுவும் பிழையில்லை. கரையோரமாகத் தெஹிவளை, கல்கிசைப் பக்கம் நன்றாக எடுக்கும். ஆனால் முதுகுப் பக்கம் முழுக் கட்டடமும் நிற்பதால் காலி வீதிக்கு அப்பால் கிட்டத்தட்ட ஒன்றுமே வராது. பல்கனி கிறிலோடு அன்டெனாவைக் கட்டிவிடாதீர்கள். இரும்பு பக்கத்தில் இருந்தால் அன்டெனாவின் சுருதி, அதாவது அது இசைந்து நிற்கும் அலைவரிசை, மாறும். ஒரு பிவிசிக் குழாயில் ஏற்றி, கிறிலிலிருந்து குறைந்தது 30 சென்ரிமீற்றர் வெளியே நீட்டுங்கள். அது ஒரு அலைநீளம் அளவு.

தொடங்கும்போது காசைப் பத்து நோட்டில் பரப்பாமல், முதலில் இரண்டு உயரக் கூரைகளைச் சரிபண்ணுங்கள். அந்த இரண்டும் ஒன்றையொன்று திடமாகக் கேட்டால், கீழே வருகிற எல்லோருக்கும் வேலை சுலபம். அவை கேட்காவிட்டால் கீழே எத்தனை வைத்தாலும் சந்திக்குச் சந்தி தனித்தனிக் கூட்டமாகத்தான் நிற்கும்.

அன்டெனாவை எப்படிப் பார்ப்பது

பலகையோடு வரும் கறுப்புக் குச்சியையோ சுருள் கம்பியையோ மேசைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பல வேறு அலைவரிசைக்கு வெட்டியவை. மாற்றி வாங்கும்போது பெட்டியில் அச்சடித்த டிபிஐயை நம்ப முன் நீளத்தைப் பாருங்கள். 923 இல் அரை அலைநீளம் 16 சென்ரிமீற்றர். ஒழுங்கான அரை அலை அன்டெனா தருவது சுமார் 2 டிபிஐ. 5, 6 டிபிஐ வேண்டுமென்றால் நீளம் அரை மீற்றர் அளவுக்கு வரும். 8 டிபிஐக்கு ஒரு மீற்றர் அளவில் தேவை. பத்து சென்ரிமீற்றர் குச்சியில் "8 டிபிஐ" என்று எழுதியிருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

நின்றபடி எல்லாத் திசைக்கும் வீசுகிற அன்டெனாவில், டிபிஐ கூடக் கூட வீச்சு தட்டையாகும். 2 டிபிஐ அன்டெனா மேலும் கீழுமாகச் சேர்த்துச் சுமார் 80 பாகை அகலத்துக்கு வீசும். 10 டிபிஐ அன்டெனாவுக்கு அது பத்துப் பன்னிரண்டு பாகைக்குள் சுருங்கிவிடும். 60 மீற்றர் உயரக் கூரையில் அதை நிறுத்தினால், 300 மீற்றர் தள்ளித் தெருவில் நிற்பவர் 11 பாகை கீழே இருக்கிறார். வீச்சு அவர் தலைக்கு மேலால் போகிறது. 100 மீற்றரில் நிற்பவர் 31 பாகை கீழே. ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் கோணம் மூன்றரைப் பாகைக்குள் வந்துவிடுவதால் பிரச்சினையில்லை. கொழும்பின் உயரக் கூரைகளுக்கு 5, 6 டிபிஐ கண்ணாடியிழை அன்டெனாதான் எங்கள் தெரிவு. தூரமும் கிடைக்கிறது, காலடியில் இருப்பவர்களும் விடுபடுவதில்லை. 8, 10 டிபிஐயை வெறும் விலைக்காக உயர்வு என்று நினைக்க வேண்டாம். இரண்டு கூரைகளை மட்டும் இணைக்க வேண்டுமென்றால் மூன்று நான்கு குறுக்குக் கம்பி வைத்த சின்ன யாகி (ஒரு திசைக்கு மட்டும் வீசும் அன்டெனா) போதும். கம்பிகளை நெட்டாக நிறுத்த வேண்டும். படுக்கவைத்தால் நெட்டாக நிற்கும் மற்ற அன்டெனாக்களோடு பேசும்போது 20 டெசிபல் வரை போய்விடும்.

இணைப்புகளில்தான் கூடக் காசு தொலைகிறது. அன்டெனாவைத் திருகும் இணைப்பில் எஸ்எம்ஏ என்றும் ஆர்பி-எஸ்எம்ஏ என்றும் இரண்டு உண்டு. மரை ஒன்றுபோலவே இருக்கும், இறுக்கினால் இறுகும். ஆனால் நடுவில் இரண்டு பக்கமும் ஓட்டையாக இருந்தால் எதுவும் தொடாது. இரண்டு பக்கமும் ஊசி என்றால் ஊசி மடியும். வாங்கும்போது நடுவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: அன்டெனாவில் ஊசி, பலகையில் துளை. பலகையில் இருக்கும் யு.எஃப்.எல். என்ற சின்ன அழுத்து இணைப்பு முப்பது தடவை போல கழற்றிப் பூட்டத்தான் செய்யப்பட்டது. அதை ஒருமுறை பூட்டி, வயரைப் பெட்டியோடு பசையால் பிடித்துவிடுங்கள். மாற்றுவதெல்லாம் எஸ்எம்ஏ பக்கத்தில் நடக்கட்டும். அன்டெனா இல்லாமல் பலகைக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். வெளியேற வழியில்லாத சக்தி அனுப்பும் பகுதிக்குக் கேடு.

வயர் இன்னொரு கள்ளன். 900 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் ஆர்ஜி174 மீற்றருக்கு ஒரு டெசிபல் போலத் தின்னும். ஆர்ஜி58 அரை டெசிபலுக்குச் சற்று மேல். எல்எம்ஆர்240 கால் டெசிபல். எல்எம்ஆர்400 அதிலும் பாதி. மொட்டைமாடியிலிருந்து வீட்டுக்குள் 10 மீற்றர் ஆர்ஜி58 இழுத்தால் 5 டெசிபலுக்கு மேல் போச்சு. 5 டிபிஐ அன்டெனாவுக்குக் கொடுத்த காசு முழுவதும் வயருக்குள் கரைந்துவிட்டது. ரேடியோவை மேலே அன்டெனாவுக்குக் கீழேயே வைத்து, கரண்டை மட்டும் மேலே கொண்டுபோங்கள், அல்லது சோலரில் விடுங்கள். அன்டெனா வயர் அரை மீற்றருக்குள் நிற்கட்டும்.

கையால் செய்வதில் கால் அலை கிரவுண்ட் பிளேன் அன்டெனா அருமையானது: நடுவில் நெட்டாக ஒரு கம்பி, கீழே நான்கு கம்பி. வேண்டியவை: ஒரு N வகைப் பெண் இணைப்பு, தகட்டில் திருகும் நான்கு துளையுள்ளதாக. இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் பித்தளை அல்லது செம்புக் கம்பி அரை மீற்றர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு எலெக்ட்ரோனிக் கடைகளிலும் ஹாட்வெயார் கடைகளிலும் தேடக்கூடிய சாமான்கள்தான். நடுக் கம்பியை 8.2 சென்ரிமீற்றருக்கு வெட்டி ஈயம் வையுங்கள். கீழ்க் கம்பிகள் நான்கும் 8.5 சென்ரிமீற்றர், நான்கு துளையிலும் ஆணியோடு, 45 பாகை கீழ்நோக்கி வளைத்தபடி. பிறகு நடுக் கம்பியை ஒரு மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றராகக் கத்தரியுங்கள், 7.7 பக்கத்தில் சுருதி சேரும். 923 இல் ஒரு மில்லிமீற்றர் குறைந்தால் சுருதி 12 மெகாஹேர்ட்ஸ் மேலே ஏறும் என்பதால் அவசரப்பட வேண்டாம். 433 என்றால் நடுக் கம்பி 16.5, கீழ்க் கம்பிகள் 18 சென்ரிமீற்றர். அங்கே மில்லிமீற்றருக்கு இரண்டரை மெகாஹேர்ட்ஸ்தான் நகரும். பிவிசிக் குழாய்க்குள் அடைப்பதானால் அடைத்த பிறகு அளந்து வெட்டுங்கள். குழாய் சுருதியைக் கீழே இழுக்கும். வெளியில் சரியாக இருந்தது உள்ளே பிழையாகும்.

அளக்க நானோவிஎன்ஏ என்ற கையடக்க அன்டெனா அளவி போதும். முதல் வகை 900 மெகாஹேர்ட்ஸ் வரைக்குத்தான் ஒழுங்காக அளக்கும். 923 காரர்கள் 1.5 கிகாஹேர்ட்ஸ் வரை போகும் எச் வகையை எடுங்கள். அளவுதிருத்தத்தை அன்டெனாவைத் திருகும் வயர் நுனியில் செய்யுங்கள். கருவியின் வாயில் செய்து பிறகு வயரைப் பூட்டினால் வயரையும் சேர்த்து அளக்கிறீர்கள். அன்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்பும் சக்தியைச் சொல்லும் எண் எஸ்டபிள்யூஆர். அது 2 என்றால் திரும்பி வருவது 11 வீதம், இழப்பு அரை டெசிபல். அதற்காக நித்திரை கெட வேண்டாம். 3 என்றால் கால்வாசி திரும்புகிறது. அங்கே கை வைக்க வேண்டும். ஆனால் எஸ்டபிள்யூஆர் குறைந்ததாலேயே அன்டெனா நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். 50 ஓம் மின்தடை ஒன்றை மாட்டினாலும் எஸ்டபிள்யூஆர் 1 தான் காட்டும். ஆனால் அதிலிருந்து ஒன்றும் வெளியே போகாது. நீளமான மட்டமான வயரும் இதே வேலையைச் செய்யும்: திரும்பும் சக்தியைத் தானே தின்றுவிட்டு நல்ல எண்ணைக் காட்டும்.

கொழும்பின் உயரக் கூரைகளில் இன்னொரு தலையிடி கைப்பேசி நிறுவனங்களின் அன்டெனாக்கள். 900 பட்டையில் கோபுரம் அனுப்பும் பகுதி 925 முதல் 960 மெகாஹேர்ட்ஸ் வரை. 923 இல் கேட்க முயலும் நம் சின்ன ரேடியோவுக்கு அது காதருகே ஒலிபெருக்கி வைத்த மாதிரி. அடையாளம் தெளிவானது: உங்கள் செய்தி எல்லோருக்கும் போகும், அவர்கள் அனுப்புவது மட்டும் உங்களுக்கு வராது. இதற்குக் கூடுதல் டிபிஐ மருந்தில்லை, அது சத்தத்தையும் சேர்த்துத்தான் கூட்டும். முதலில் இடத்தை மாற்றுங்கள். தண்ணீர்த் தாங்கியையோ லிஃப்ட் அறையையோ நடுவில் மறைப்பாக வரும்படி நிறுத்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். அதற்கும் அடங்காவிட்டால் நம் அலைவரிசைக்குச் சுருதி கூட்டிய கேவிட்டி வடிகட்டி ஒன்றைப் போடுங்கள். ஒன்றிரண்டு டெசிபல் அதில் போகும், ஆனாலும் இலாபம்தான்.

பெட்டி, வெயில், மழை, காகம்

கூரையில் நிரந்தரமாக நிற்கும் நோட்டுக்கு என்ஆர்எஃப்52840 சில்லுள்ள பலகையை எடுங்கள். ராக்4631 அந்த வகை. சராசரியாக 10 மில்லி ஆம்பியர் பக்கத்தில் ஓடும். ஹெல்டெக் வி3 போன்ற இஎஸ்பி32 பலகைகள் மலிவு, திரையும் உண்டு, வீட்டு மேசைக்கு நல்லது. ஆனால் குடிப்பது 100 மில்லி ஆம்பியர் அளவில். 3000 மில்லி ஆம்பியர்-மணி 18650 பற்றரி இரண்டைப் பக்கவாட்டாக இணைத்தால், முதல் வகை வெயிலே இல்லாமல் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும். இரண்டாவது வகை இரண்டு நாளில் படுத்துவிடும். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சியில் நாட்கணக்காக வானம் மூடிக் கிடக்கும் ஊரில் இந்த வித்தியாசம்தான் எல்லாம். நாளுக்குத் தேவை சுமார் 0.9 வாட்-மணி. ஒரு வாட் சோலர் தகடு வெயில் நாளில் தாராளம், மூட்ட நாளில் பற்றாது. இரண்டு வாட் வையுங்கள்.

சோலர் தகட்டின் வோல்ட்டைக் கவனிக்க வேண்டும். ராக் அடிப்பலகையின் சோலர் வாய் 5.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது; "6 வோல்ட்" என்று விற்கும் தகடு, சுமையில்லாமல் வெயிலில் அதையும் தாண்டிப் போகும். 5 வோல்ட் தகடு வாங்குங்கள், அல்லது நடுவில் ஒரு சார்ஜ் பலகை போடுங்கள். பற்றரி வயரின் சிவப்பும் கறுப்பும் விற்பவருக்கு விற்பவர் மாறியிருக்கும். பூட்ட முன் மீட்டரால் தொட்டுப் பாருங்கள், மாறிப் பூட்டினால் பலகை அந்த நொடியே போய்விடும். பற்றரி முற்றாக வற்றுவதும் ஆகாது. வோல்ட் எல்லைக்கோட்டில் ஏறி இறங்கும்போது பலகை அரைகுறையாக விழித்து விழித்து அணைந்து, வெயில் வந்த பிறகும் எழும்பாமல் கிடக்கும். குறைந்த வோல்ட்டில் துண்டித்துவிடும் பாதுகாப்புப் பலகையுள்ள பற்றரி இதைத் தவிர்க்கும்.

லித்தியம் அயன் பற்றரியை 45 பாகைக்கு மேல் சார்ஜ் பண்ணக்கூடாது. கொழும்பு வெயிலில் மூடிய கறுப்புப் பெட்டி அதைச் சுலபமாகத் தாண்டும். பெட்டி வெள்ளையாக இருக்கட்டும். சோலர் தகட்டை இரண்டு விரல் இடைவெளி விட்டு அதற்கு மேலே குடை மாதிரி பொருத்துங்கள். வயர் நுழைவதெல்லாம் அடிப்பக்கத்தால். அடியில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று விடுங்கள். முற்றாக அடைத்த பெட்டிக்குள் இரவில் வியர்த்துத் தண்ணீர் நிற்கும். அந்தத் துளைக்கு நைலோன் வலை ஒட்டாவிட்டால் எறும்பு குடிபுகும், பல்லியும் வரும். இணைப்புகளுக்குத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை அகலம் பாதியாகும்வரை இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அதன்மேல் சாதாரணக் கறுப்பு டேப் ஒரு சுற்று. கடற்காற்று படும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கூரைகளில் சாதாரண ஆணி வேண்டாம். 316 வகைத் துருப்பிடிக்காத உருக்கு ஆணியும் பிடியும் போடுங்கள். மெல்லிய சவுக்குக் கம்பி அன்டெனாவில் காகம் குந்தி வளைக்கும், வயர்த் துண்டைக் கூட்டுக்கு இழுக்கும். உயரக் கூரையில் கண்ணாடியிழை உறையுள்ள அன்டெனாவையே விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சித்திரை, ஐப்பசி மாதப் பின்னேரங்களில் இடி கடுமை. கட்டடத்தின் இடிதாங்கியைவிட உயரமாக அன்டெனாவை நிறுத்தாதீர்கள். அதன் நுனியிலிருந்து 45 பாகைச் சரிவுக்குள் நிற்கட்டும். சோலரில் தனியே நிற்கும் நோட்டுக்கு ஒரு நன்மை, வீட்டுக்குள் எந்த வயரும் வருவதில்லை. இடி அந்த வழியே வீட்டுக்குள் இறங்காது.

கூரைக்கு அனுமதி கேட்கும்போது தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: அளவு, எடை, சக்தி, கட்டட மின்சாரம் தேவையில்லை, துளை போடப்போவதில்லை. பெட்டியின் மேல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இது என்ன, யாருடையது, எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்று எழுதி ஒட்டுங்கள். காவலாளிக்கும் திறந்து காட்டுங்கள். பற்றரியும் வயரும் குச்சியுமாக ஒரு பெயரில்லாப் பெட்டியைக் கண்டால் இந்த ஊரில் மனிதர் கலவரப்படுவார்கள். அது நியாயமான பயம். அனுமதியில்லாத கூரையிலோ மரத்திலோ விளக்குக் கம்பத்திலோ ஒருபோதும் வைக்க வேண்டாம்.

வாயடக்கம்

மெஷ்டாஸ்டிக்கில் எல்லா நோட்டும் ஒரே அலைவரிசையில், ஒருவர் பேச மற்றவர் கேட்கும் முறையில் இயங்குகின்றன. லோங் ஃபாஸ்டில் வேகம் நொடிக்கு ஒரு கிலோபிட் அளவுதான். 200 பைட் செய்தி ஒன்று காற்றில் கிட்டத்தட்ட 2 நொடி நிற்கும். அதைப் பத்து நோட் திரும்பச் சொன்னால் 20 நொடி போய்விட்டது. ஆகவே நோட்டுகளின் பணிநிலையைக் கவனமாகத் தேருங்கள். சாதாரண கிளையண்ட் நிலையில் இருக்கும் நோட், தனக்கு முன் இன்னொன்று திருப்பிச் சொல்லக் கேட்டால் பேசாமல் விட்டுவிடும். ரவுட்டர் நிலையில் இருப்பது முந்திக்கொண்டு, எப்போதும் திருப்பிச் சொல்லும். உயரக் கூரையில் அது வரம். கீழ்வீட்டு ஜன்னலில் ஒருவர் ஆசைக்கு ரவுட்டர் போட்டால், தூரம் போகாத அந்த நோட் ஒரு தாவலை வீணாக விழுங்கிவிடும். ஒரு செய்திக்கு இயல்பாகக் கிடைப்பது மூன்று தாவல்தான். கூரை இரண்டு மூன்றுக்கு மட்டும் ரவுட்டர், மற்ற எல்லோருக்கும் கிளையண்ட், ஒரே வீட்டில் இரண்டாவது மூன்றாவது கருவி இருந்தால் அவற்றுக்கு கிளையண்ட் மியூட், அதாவது பிறர் செய்தியைத் திருப்பிச் சொல்லாத நிலை. செய்தி போகவில்லை என்றதும் தாவலை ஏழாக உயர்த்துவது நெரிசலைத்தான் கூட்டும். மூன்றில் போகாவிட்டால் கூரையில்தான் குறை.

இடம் நகராத நோட்டுக்கு நிலையான இருப்பிடம் கொடுத்து, அதை அனுப்பும் இடைவெளியை 12 மணித்தியாலமாக்குங்கள். பற்றரி அளவீட்டுக்கு சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை போதும். காற்றுப் பாவனை (அலைவரிசையில் பேச்சு நிறைந்திருக்கும் நேரம்) 25 வீதத்தைத் தாண்டினால் யாரோ கூடப் பேசுகிறார்கள் என்று தேடத் தொடங்குங்கள். எல்லோரும் பேசும் பொதுச் சனலின் திறவுச்சொல் உலகத்துக்கே தெரிந்தது. வீட்டின் துல்லிய இருப்பிடத்தை அதில் போடாதீர்கள். குடும்பத்துக்கென்று தனித் திறவுச்சொல்லோடு ஒரு சனல் வைத்து, கியூஆர் குறியை நேரில் காட்டிப் பகிருங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இடம் குறைவு. ஒரு செய்திக்கு 200 பைட். தமிழில் எழுத்து, புள்ளி, கொம்பு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். "தண்ணீர் ஏறுது" என்பது 37 பைட். அதையே ரோமன் எழுத்தில் அடித்தால் 15. தமிழில் அறுபத்தைந்து குறிக்கு மேல் போகாது. நோட்டின் குறும்பெயருக்கு நான்கு பைட்தான், ஒரு தமிழ் எழுத்தும் ஒரு இலக்கமும் அதில் சரியாக அடங்கும். கொழும்பின் அஞ்சல் இலக்கங்கள் இதற்கு நன்றாக உதவுகின்றன: வெள்ளவத்தை "வ6", பம்பலப்பிட்டி "ப4". கொட்டாஞ்சேனையின் 13 இரண்டு இலக்கம் என்பதால் அங்கே எழுத்தை விட்டு இலக்கத்தை மட்டும் வையுங்கள். வெள்ளம், மருந்து, பத்திரம் போன்றவற்றுக்குச் சுருக்கக் குறிகளை முன்கூட்டியே பேசி வைத்து, கடதாசியில் எழுதி வீட்டில் ஒட்டுங்கள்.

சரியாக இருக்கிறதா?

இரண்டு அன்டெனாவை ஒப்பிடும்போது அன்டெனாவை மட்டும் மாற்றுங்கள். அதே இடம், அதே உயரம், அதே வயர். ஒவ்வொன்றிலும் குறைந்தது இருபது செய்தி அனுப்பி, திரும்ப முதலாவதற்கு மாற்றி இன்னொரு இருபது அனுப்பிச் சராசரி எடுங்கள். ஒரு பஸ் குறுக்கே போனாலே மூன்று டெசிபல் ஆடும். ஒற்றைச் செய்தியை வைத்து எதையும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய எண் எஸ்என்ஆர், அதாவது இரைச்சலோடு ஒப்பிடச் சிக்னல் எத்தனை டெசிபல் என்பது. லோங் ஃபாஸ்ட் மைனஸ் 17.5 வரை இரைச்சலுக்குள்ளிருந்து எடுத்துவிடும். மைனஸ் 15 இல் செய்தி வருகிறது என்று மகிழ்ந்து போனால், மழையில் நனைந்த மரமும் ஈரச் சுவரும் அதை மூடிவிடும். கூரைக்குக் கூரை மைனஸ் 5 அல்லது அதற்கு மேல் வரும்வரை அன்டெனாவை நகர்த்திக்கொண்டே இருங்கள். கூரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்த்துவதே பல நேரம் பத்து டெசிபல் தரும்.

தடம் பார்க்கும் வசதியால் செய்தி எந்த நோட்டுகள் வழியே போய்வருகிறது என்று பாருங்கள். போக ஒரு வழியும் வர இன்னொரு வழியுமாக இருந்தால் எங்கோ ஒரு நோட் பேசுகிறதே தவிரக் கேட்காமல் இருக்கலாம். அங்கே கைப்பேசிக் கோபுரத்தைத் தேடுங்கள். எஸ்என்ஆர் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கினால் இணைப்புக்குள் தண்ணீர். திடீரென்று பத்து டெசிபல் விழுந்தால் வயர் கழன்றிருக்கிறது, அல்லது குறுக்கே புதிதாக ஒரு மாடி எழுந்திருக்கிறது. சித்திரை முடிய ஒருமுறை, ஐப்பசிக்கு முன் ஒருமுறை மேலே ஏறி டேப்பைப் பிரித்து, இணைப்பின் உள்ளே பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்துத் திரும்பச் சுற்றுங்கள். பச்சை தெரிந்தால் துடைத்துப் போடாமல் அந்த இணைப்பையே மாற்றிவிடுங்கள்.